வேலை போனால் முதலில் காகிதம், அப்புறம் விண்ணப்பம்

எச்.ஆர். கூப்பிட்டு "ஒரு பதினைந்து நிமிடம் பேசலாமா" என்று கேட்ட அன்றைக்கு ராத்திரியே நௌக்ரி வேலைத் தளத்தைத் திறந்து ஐம்பது கம்பெனிக்கு விண்ணப்பம் தட்டிவிடுவதுதான் வழக்கம். மனப் பதற்றம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். அதே ராத்திரியில் சம்பளச் சீட்டுகளை இறக்கி வைத்திருந்தால், மூன்று மாதம் கழித்து வரும் ஆஃபர் பின்புலச் சரிபார்ப்பில் தொங்காமல் இருக்கும்.

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்து, முதன்முறையாக வேலையை இழப்பவர்களுக்கான குறிப்பு இது. ஐ.டி. பக்கம் கொஞ்சம் சாயும். ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), இன்சூரன்ஸ் எல்லாம் ஓரகடத்து ஆலையில் கணக்குப் பார்த்தவருக்கும் அப்படியே பொருந்தும். சந்தை மந்தமாக இருக்கும்போது அடுத்த வேலைக்கு மூன்று மாதம் ஆகும் என்றும், பத்து வருட அனுபவத்துக்கு மேல் என்றால் ஆறு மாதம் ஆகும் என்றும் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முன்னதாகவே கிடைத்தால் லாபம்.

1. கையெழுத்துப் போடும் முன்

"நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்" என்பார்கள். இதில் பாதி உண்மை. ரிலீவிங் லெட்டரில் (வேலையிலிருந்து விடுவித்ததாக நிறுவனம் தரும் கடிதம்) "ராஜினாமா" என்று இருந்தால் அடுத்த இடத்தில் கேள்வி குறைவுதான். ஆனால் அந்தக் கடிதத்தோடு நீங்கள் விட்டுக்கொடுப்பது என்ன என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41ஆம் பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நீங்களே எழுதிக் கொடுத்த ராஜினாமாவை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போவது மிகக் கடினம். பி.எஃப். வரி விஷயத்திலும் இந்தக் கடிதம் குறுக்கே வரும், நான்காவது தலைப்பில் பாருங்கள்.

அதனால் அதே கூட்டத்தில் கையெழுத்து வேண்டாம். "ஒரு நாள் அவகாசம் கொடுங்கள், விவரத்தை மெயிலில் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். மெயிலில் ஆறு விஷயம் இருக்க வேண்டும்: கடைசி வேலை நாள், நோட்டீஸ் காலச் சம்பளம், ஈட்டுத் தொகை (வேலை இழப்புக்காகத் தனியாகத் தரும் பணம்), மிச்ச விடுப்புக்கான பணம், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதியில். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. அந்த எச்.ஆரே அடுத்த மாதம் அங்கே இல்லாமல் போகலாம்.

ராஜினாமாதான் என்று முடிவானால், "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள். "நிறுவனத்தின் ஆட்குறைப்பு நடவடிக்கையைத் தொடர்ந்து, நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி" என்று எழுதுங்கள். ஏற்க மாட்டோம் என்று முரண்டு பிடிப்பார்கள். குறைந்தபட்சம், அவர்கள் கேட்டுக்கொண்ட மெயிலையாவது பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதச் சம்பளமும் சுத்தமான ரிலீவிங் லெட்டரும் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொண்டு நகர்வதே பெரும்பாலோருக்கு நல்லது. ஒன்றுமே தராமல் ராஜினாமா மட்டும் கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

2. லாக்-இன் போவதற்குள் எடுக்க வேண்டியவை

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு லாக்-இன் போய்விடும். சில இடங்களில் கூட்டம் முடிவதற்குள்ளேயே போய்விடும். அதனால் ஆட்குறைப்பு என்று காற்றில் பேச்சு வந்ததுமே இவற்றைச் சொந்த மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ எடுத்துவிடுங்கள்:

- சேர்ந்தபோது தந்த ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் லெட்டர்
- கடைசி 6 மாதச் சம்பளச் சீட்டு (3 போதும் என்பார்கள், ஆனால் வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் 6 கேட்பார்கள்)
- கடைசி 2 ஆண்டுப் படிவம் 16 (பிடித்த வருமான வரிக்கான சான்று)
- சம்பள உயர்வு, பதவி உயர்வுக் கடிதங்கள்
- குரூப் இன்சூரன்ஸ் இ-கார்டு, பாலிசி எண்
- பி.எஃப். உறுப்பினர் எண், யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்)
- மிச்ச விடுப்பு எத்தனை நாள் என்று காட்டும் திரையின் படம்

எடுக்கக் கூடாதது: மென்பொருள் கோடு, வாடிக்கையாளர் பட்டியல், திட்ட ஆவணங்கள். "சாம்பிளுக்காக" என்று ஒரே ஒரு கோப்பை ஜிமெயிலுக்கு அனுப்பினாலும் கண்காணிப்பு மென்பொருள் பிடித்துவிடும். ஈட்டுத் தொகையை நிறுத்த அது ஒன்றே போதும்.

லேப்டாப்பை ஒப்படைக்கும்போது சீரியல் எண், சார்ஜர், அடையாள அட்டை எல்லாம் குறித்த ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் பெட்டியை மூடும் முன் படம் எடுங்கள். சார்ஜர் வரவில்லை என்று செட்டில்மென்ட்டில் சில ஆயிரம் பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது.

வங்கி, பி.எஃப்., வருமான வரி, லிங்க்டின் இவற்றில் எங்காவது அலுவலக மெயிலோ அலுவலக சிம் எண்ணோ பதிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ஆதாரில் உள்ள செல் எண் பழையது என்றால் அதுதான் முதல் வேலை, ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் போகும். ஆதார் சேவை மையத்தில் மாற்றலாம், கட்டணம் 75 ரூபாய்.

3. செட்டில்மென்ட் கணக்கு

இதை "எஃப் அண்ட் எஃப்" (ஃபுல் அண்ட் ஃபைனல்) என்பார்கள். கடைசி நாள் வரையான சம்பளம், நோட்டீஸ் பணம், விடுப்புப் பணம், நிலுவை போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் வரவில் இருக்கும். பிடித்தம் என்றால் சேர்ந்தபோது தந்த ஜாயினிங் போனஸ், இன்சூரன்ஸில் பெற்றோருக்கான மிச்ச பிரீமியம், முன்பணம். நிறுவனமே வெளியே அனுப்பும்போது ஜாயினிங் போனஸைத் திரும்பக் கேட்கலாமா என்பது உங்கள் ஆஃபர் லெட்டரின் வாசகத்தைப் பொறுத்தது. "ஊழியர் தானாக விலகினால்" என்று மட்டும் இருந்தால் எதிர்த்துக் கேளுங்கள். இங்கேயும் அந்த ராஜினாமாக் கடிதம்தான் எதிரே வந்து நிற்கும்.

45 நாள் ஆகும் என்பது நிறுவனங்களின் பழக்கம், சட்டம் அல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டாலும் விலகினாலும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நினைவூட்டும் மெயிலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் பதில் வேகமாக வரும்.

கிராஜுவிட்டி 5 ஆண்டு முடிந்தால். கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளம் × 15 ÷ 26 × ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பது முழு ஆண்டாகும். அடிப்படைச் சம்பளம் 40,000, சேவை 6 ஆண்டு 7 மாதம் என்றால் 7 ஆண்டாக எடுத்து, 1,61,538 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும். நாலரை, நாலே முக்கால் ஆண்டில் நிற்பவர்கள் நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள்: நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கடைசி நாளைப் பத்து நாள் தள்ளிவைக்கக் கேட்பது சில சமயம் லட்சம் பெறும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஓர் ஆண்டே போதும்.

4. பி.எஃப்.: எடுக்கும் முன் ஒரு நிமிடம்

வேலை போனதும் எல்லோர் கண்ணும் போவது இங்கேதான். எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்காதீர்கள். 2024-25க்கு வட்டி 8.25 விழுக்காடு. வங்கி வைப்பில் இது கிடைக்காது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், எவ்வளவு, எப்போது என்பதில் விதி மாறிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலமாக இருந்தது: வேலை இல்லாமல் ஒரு மாதம் ஆனால் 75 விழுக்காடு, இரண்டு மாதம் ஆனால் மீதி. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவு: 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம், முழுவதையும் எடுக்க 12 மாதம், பென்ஷன் பணத்துக்கு 36 மாதம். விண்ணப்பிக்கும் நாளில் உறுப்பினர் தளத்தில் எந்த விருப்பம் திறக்கிறதோ அதுதான் உங்களுக்கு. யாரோ போன வருடம் எடுத்தார் என்பதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் நம் ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு காரணம் உண்டு, அது இனிஷியல். ஆதாரில் "கார்த்திக் எஸ்", பான் அட்டையில் "கார்த்திக் சுப்பிரமணியன்", பி.எஃப்பில் "எஸ் கார்த்திக்". நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ளபடியே மற்ற இரண்டையும் மாற்றுங்கள். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதாரோடு வழங்கப்பட்ட யு.ஏ.என். என்றால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே நீங்களே தளத்தில் திருத்தலாம், 2025 ஜனவரியில் வந்த வசதி. அதற்கு முந்தைய எண் என்றால் பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். அங்கே தெரிந்த ஆள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ். குறியீடு. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனராவோடும் 2020இல் இணைந்தன. பழைய குறியீட்டோடு கிடக்கும் கணக்குகள் இன்னும் நிறைய.

மூன்றாவது, வெளியேறிய தேதி. நிறுவனம் பதியவில்லை என்றால் கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆனபின் "மார்க் எக்ஸிட்" என்ற இடத்தில் நீங்களே பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே போடுங்கள். ஒரு நாள் தவறினாலும், புதிய வேலையில் சேர்ந்த தேதியோடு முட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்ததாகச் சரிபார்ப்பில் காட்டும். பதிந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

இனி வரி. எல்லா நிறுவனங்களும் சேர்த்து 5 ஆண்டு ஆகவில்லை என்றால் எடுக்கும் தொகைக்கு வரி உண்டு. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால், பான் இணைத்திருந்தால் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பழைய கம்பெனி பணத்தைப் புதியதற்கு மாற்றியிருந்தால் அந்த ஆண்டுகளும் சேரும். ஊழியரின் கையில் இல்லாத காரணத்தால், அதாவது தொழில் சுருங்கியோ மூடியோ, வேலை போயிருந்தால் 5 ஆண்டு ஆகாவிட்டாலும் வரி விலக்கு உண்டு. இதைக் காட்டத்தான் "ஆட்குறைப்பு" என்ற சொல் ஏதாவது ஒரு கடிதத்தில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னது.

பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள், குறிப்பாக 7, 8, 9 ஆண்டு ஆனவர்கள். 10 ஆண்டு ஆனால் 58 வயதில் மாதப் பென்ஷன். அதற்குள் படிவம் 10சி போட்டுப் பணமாக எடுத்தால் சேவைக் காலம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து.

சம்பளம் 21,000க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஓர் உதவி உண்டு: சராசரி தின ஊதியத்தில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

5. மருத்துவக் காப்பீடு

கம்பெனி இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோடு முடியும். சில இடங்களில் ஈட்டுத் தொகையோடு சில மாதம் நீட்டிப்பார்கள், கேட்டால்தான். கடைசி நாளுக்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். அப்படி மாறினால் இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் வராது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அந்த மட்டில் செலவு குறைவு.

6. கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்

கையில் உள்ள பணம் ÷ மாதக் கட்டாயச் செலவு. வாடகை, இ.எம்.ஐ., மளிகை, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு, காப்பீடு மட்டும் கட்டாயம். நான்கு மாதத்துக்குக் கீழே வந்தால் சம்பளம் குறைந்தாலும் முதலில் வரும் நல்ல ஆஃபரை எடுக்க வேண்டியிருக்கும். இதை முதல் வாரத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மனைவிக்கோ அப்பாவுக்கோ தெரியாமல் காலையில் பையை மாட்டிக்கொண்டு பார்க்கில் உட்காருவதில் செலவு குறையாது.

இ.எம்.ஐ. தவறும் என்று தெரிந்தால், தவறும் முன்பே வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுங்கள். 90 நாள் நிலுவை ஆனால் வாராக்கடன். அதன்பின் சிபில் அறிக்கையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், வங்கி வேலைக்குப் போனால் அதையும் பார்ப்பார்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டினால் மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. அதைவிட வங்கியில் நகையை வைப்பது எவ்வளவோ மலிவு.

சம்பளக் கணக்கைக் கவனியுங்கள். சில மாதம் சம்பளம் வராவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிப்பார்கள்.

7. ரெஸ்யூம்

இரண்டு பக்கம் போதும். ஐந்து ஆண்டுக்குக் கீழ் என்றால் ஒன்று. பக்கத்தை நெடுக்கே இரண்டாகப் பிரிக்கும் வடிவம், கட்டங்கள், படம், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் வேண்டாம். கம்பெனிகளின் மென்பொருள் ரெஸ்யூமை உரையாகப் பிரித்துப் படிக்கிறது, கட்டத்துக்குள் இருப்பது சிதறிப் போகும். சோதிக்க எளிய வழி: பி.டி.எஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குலைந்தால் அவர்களுக்கும் குலையும்.

"டெஸ்டிங் வேலையில் ஈடுபட்டேன்" என்பது செய்தியே இல்லை. எத்தனை பேர் குழு, எந்தக் கருவி, என்ன மாறியது என்று எழுதுங்கள்: "4 பேர் குழு, செலீனியத்தில் 320 சோதனைகளைத் தானியக்கமாக்கி, இரண்டு நாள் ரிக்ரஷனை ஐந்து மணி நேரத்துக்குக் கொண்டுவந்தது." எண் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வி அந்த எண்ணிலிருந்துதான் வரும்.

விளம்பரத்தில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். அவர்கள் "அக்கவுன்ட்ஸ் பேயபிள்" என்று தேடும்போது நீங்கள் "வெண்டர் பேமென்ட்" என்று வைத்திருந்தால் தேடலில் வர மாட்டீர்கள்.

நௌக்ரியில் "நோட்டீஸ் பீரியட்" என்ற இடத்தில் உடனே சேரலாம் என்று மாற்றுங்கள். வேலை போனதில் கிடைக்கும் ஒரே அனுகூலம் இது. 90 நாள் நோட்டீஸ்காரருக்காகக் காத்திருக்க முடியாத மேலாளர்கள் இதை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். சுயவிவரத்தில் வாரம் இரு முறை ஒரு சொல்லையாவது திருத்திச் சேமியுங்கள், சமீபத்தில் புதுப்பித்தவை மேலே வரும்.

8. எங்கே தேடுவது

ஆள் குறைவாக எடுக்கும் காலத்தில் தளத்தில் விண்ணப்பிப்பதைவிடத் தெரிந்தவர் மூலம் போகும் ரெஃபரல் பல மடங்கு பலன் தரும். ஆனால் "அண்ணா, ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் அவர் "கண்டிப்பா தம்பி" என்பார், அதோடு சரி. வேலையை நீங்களே கண்டுபிடித்துக் கொடுங்கள்:

"அண்ணா, வணக்கம். உங்க கம்பெனி சைட்ல டேட்டா இன்ஜினியர் வேலை போட்டிருக்காங்க, ஜாப் ஐ.டி. கீழே இருக்கு. எனக்கு 6 வருஷம் அனுபவம், அவங்க கேக்குற மூணு டூல்ல ரெண்டுல வேலை பார்த்திருக்கேன். ரெஸ்யூம் இணைச்சிருக்கேன். சரியா வரும்னு தோணினா ரெஃபர் பண்ண முடியுமா? உடனே சேர முடியும்."

அவருக்கு இரண்டு நிமிட வேலை, ரெஃபரல் போனஸும் உண்டு. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். மூன்றாவது முறை வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமின் முதல் பாதியைத் திருத்தி. ஒரு தாளிலோ எக்செலிலோ தேதி, நிறுவனம், யார் மூலம், எந்த ரெஸ்யூம் என்று குறித்துவையுங்கள். திடீரென்று போன் வரும்போது எந்த வேலைக்கு என்றே தெரியாமல் உளறாமல் இருக்கலாம். நாற்பது விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பும் இல்லை என்றால் குறை ரெஸ்யூமில். அழைப்பு வந்து முதல் சுற்றில் நிற்கிறது என்றால் குறை தயாரிப்பில். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் தாள்.

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கோவை சரவணம்பட்டி, ஓசூர், விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் உள்ள நியோ டைடல் ஐ.டி. பூங்காக்கள் என்று பரப்பி வைத்துத் தேடுங்கள். சொந்த ஊர்ப் பக்கம் 20 விழுக்காடு குறைந்த சம்பளம், சென்னை வாடகையைக் கழித்தால் பல நேரம் சமம்தான்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் மாதத்தில் ஒன்றிரண்டு வெள்ளிக்கிழமை சிறு முகாம் நடத்துகின்றன. அங்கே வருவது பெரும்பாலும் தொடக்கநிலை, உற்பத்தி, விற்பனை வேலைகள். பத்து ஆண்டு அனுபவக்காரர் போய் ஏமாற வேண்டாம், டிப்ளமோ முடித்த தம்பிக்கு நல்ல இடம்.

9. பணம் கேட்டால் அது வேலை அல்ல

பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், "திருப்பித் தரப்படும்" முன்பணம், பெயர் எதுவானாலும் ஒன்றுதான். மெயில் முகவரியில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் "கேரியர்ஸ்", "எச்.ஆர்.டீம்" என்று ஒட்டியிருந்தாலோ, வெறும் ஜிமெயிலாக இருந்தாலோ, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். டெலிகிராமில் "டாஸ்க்" செய்தால் காசு என்பது முதலில் சில நூறு கொடுத்து, பிறகு பல ஆயிரம் பிடுங்கும் வேலை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

"பேக்டோர்" (காசு கொடுத்துக் குறுக்கு வழியில் நுழையும்) வேலை, பொய் அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகள் இந்தக் காலத்தில்தான் கொழுக்கின்றன. பி.எஃப். சேவை வரலாறும், வருமான வரியின் 26ஏ.எஸ். அறிக்கையும் எந்தக் கம்பெனி எந்த மாதம் சம்பளம் போட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். பொய்ச் சான்று தந்த நிறுவனங்களின் பட்டியல் ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துப் பிடிபட்டு வெளியேறுபவர்களும் உண்டு.

அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

வெளிநாடு என்றால்: முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று சொல்லி மியான்மர், கம்போடியா மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்கள் இப்படித்தான் போனார்கள், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. கிண்டியில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள்.

10. "ஏன் விலகினீர்கள்?"

இரண்டு வாக்கியம் போதும். "எங்கள் பிரிவின் திட்டம் நிறுத்தப்பட்டதில் குழுவையே குறைத்தார்கள், நானும் அதில் ஒருவன். மார்ச் வரை இருந்தேன், ரிலீவிங் லெட்டர் இருக்கிறது." அதோடு நிறுத்தி, உங்கள் வேலையைப் பற்றிப் பேச்சை நகர்த்துங்கள். பழைய மேலாளரைத் திட்டவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம். எதிரே இருப்பவரின் தம்பியும் போன மாதம் வேலையிழந்திருக்கலாம். இன்னும் அங்கேயே இருப்பதாகச் சொல்வதுதான் பெரிய தவறு. சரிபார்ப்பில் கடைசி நாள் தெரிந்ததும் ஆஃபர் ரத்தாகும்.

பழைய சம்பளம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள். எதிர்பார்ப்பை ஒரே எண்ணாகச் சொல்லாமல், கீழ் எல்லை நீங்கள் ஏற்கக்கூடியதாக ஒரு வரம்பாகச் சொல்லுங்கள்.

11. ஆஃபர் வந்தால் கணக்குப் போடுங்கள்

9 லட்சம் என்றால் மாதம் 75,000 அல்ல. மாறும் ஊதியம் 90,000, குரூப் இன்சூரன்ஸ் 10,000, கம்பெனியின் பி.எஃப். பங்கு 21,600, கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு (அடிப்படை 4,20,000 என்றால் 20,202). இவற்றைக் கழித்தால் 7,58,198. மாதம் 63,183. உங்கள் பி.எஃப். 1,800, தொழில்வரி சென்னையில் அரையாண்டுக்கு 1,250. கைக்கு வருவது ஏறக்குறைய 61,000. புதிய வரி முறையில் இந்த அளவுக்கு வருமான வரி இல்லை. மாறும் ஊதியம் மந்த காலத்தில் முழுதாக வரும் என்று நம்பி வீட்டு வாடகையை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் நபர் பேரோல் (வேலை ஒரு கம்பெனியில், சம்பளம் இன்னொரு கம்பெனி வழியாக) என்றால், ஒப்பந்தம் எத்தனை மாதம், இரண்டு திட்டத்துக்கு நடுவில் சம்பளம் உண்டா, இந்த இரண்டை எழுத்தில் கேளுங்கள். பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருந்தால் தொகை, காலம், அவர்களே அனுப்பினாலும் பொருந்துமா என்று பாருங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் சேரும் நாளைத் தள்ளிக்கொண்டே போய்க் கைவிடும் நிறுவனங்கள் உண்டு. சேர்ந்து அடையாள அட்டை கழுத்தில் விழும்வரை மற்ற நேர்காணல்களை ரத்து செய்யாதீர்கள். ரெண்டு ஆஃபரைக் கையில் வைத்திருப்பதில் பாவம் ஒன்றுமில்லை. சேராத இடத்துக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டால் போதும்.

12. சேர்ந்த முதல் மாதம்

பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிது எடுக்க விடாதீர்கள். பழைய இடத்தில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பளம், பிடித்த வரி விவரத்தைப் புதிய கம்பெனிக்கு அதற்குரிய படிவத்தில் தர வேண்டும். கொடுக்காவிட்டால் இருவரும் தனித்தனியாக வரி விலக்கு வரம்பைக் கணக்கிட்டுக் குறைவாகப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும் ஜூலையில் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். பழைய நிறுவனத்திடம் அந்த ஆண்டின் படிவம் 16ஐ ஜூன் 15 வாக்கில் கேளுங்கள், தானாக வரும் என்று இருக்காதீர்கள்.

ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 20ஆம் தேதி பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால், புது இடம் என்று தயங்காமல் அந்த வாரமே கேளுங்கள்.